ரெண்டாவது பேக் பிறந்த கதை

பழைய மூணாறு மைதானத்தில் மஞ்சு இறங்கிவிட்டால் இந்தக் கோல்போஸ்ட் பக்கம் நிற்கிறவனுக்கு அந்தக் கோல்போஸ்ட் தெரியாது. பந்து எதிர்ப்பாதிக்குப் போய்விட்டால் ஆட்டத்தைக் காதால்தான் பார்க்க வேண்டும். என் தாய்மாமன் எஸ்டேட் டீமில் லெஃப்ட் பேக். ரைட் பேக்காக ஆடியவர் எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். மாமாவுக்கு மச்சான் முறை. மஞ்சுக்குள்ளிருந்து அவர்கள் இருவர் குரலும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும்.

"ஏறு மாப்ளே, ஏறு!"

"விடு மச்சான், விடு, என் பந்து!"

சின்னப் பையன்களான எங்களுக்கு அது சண்டை போடுவதுபோல் கேட்கும். அந்தச் சத்தம் இருக்கும்வரை கோலிக்குப் பெரிய வேலை இருக்காது என்பது பிறகு புரிந்தது.

ரைட் பேக் கொஞ்ச காலத்தில் மனைவி ஊரான போடிக்குப் பிழைப்பு மாறிப் போனார். அடுத்த வருஷம் மாமா ஆடினார். அதே கால், அதே பூட்ஸ், அதே இடம். ஆனால் ஆள் வேறு. பந்துக்குப் பாய வேண்டிய நேரத்தில் அரை நொடி யோசித்தார். ஏற வேண்டிய இடத்தில் பின்வாங்கினார். ஒரு ஆட்டத்தில் அவர் பக்கமாகவே மூன்று கோல் போனது. கடைவீதியில், "ஆளுக்குக் கால் போச்சுடா" என்று பேசிக்கொண்டார்கள். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டில் அம்மா கேட்டதற்கு மாமா சொன்னது இவ்வளவுதான்: "கால் இருக்குக்கா. பின்னாடி சத்தம் இல்ல."

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. பின்வரிசையில் பக்கத்து ஆள் மாறினால் ஒருவனின் சொந்த ஆட்டமே மாறிவிடுமா? மாறும் என்றால், அப்படி ஒருவரோடு ஒருவர் பின்னிக்கிடக்கிற இந்த ஜோடியை யார் ஏற்படுத்தினார்கள்? தேடிக்கொண்டு போனால் கதை நூற்றைம்பது வருஷம் பின்னால் போகிறது. அங்கே போவதற்கு முன் எங்கள் மைதானத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன், அதுவும் ஒரு பிறப்புதான்.

போடி மலையேறி வந்த தமிழ்ச் சனங்கள் கண்ணன் தேவன் மலைகளில் காடு வெட்டித் தேயிலை நட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஃபின்லே கம்பெனி உள்ளே வந்தது. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி உருவானது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை குட்டி ரயில் ஓடியது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் பாதையோடு போயிற்று, திரும்ப யாரும் போடவில்லை. கால்பந்து மட்டும் நின்றது. துரைமார் ஆடிய ஆட்டம் பெரட்டு என்கிற ஆள்கணக்கெடுப்பு முடிந்த ஆட்களிடம் வந்து சேர்ந்தது. 1941இல் அப்போது கம்பெனியின் ஜெனரல் மேனேஜராக இருந்த ஈ. எச். ஃபிரான்சிஸ் எஸ்டேட்டுகளுக்கு இடையே ஒரு கேடயம் வைத்தார். அதுதான் ஃபின்லே ஷீல்டு. குண்டுமலை, கன்னிமலை, பெரியவாரை, நல்லதண்ணி, சொக்கநாடு, வாகுவாரை என்று எஸ்டேட் பெயரைச் சொன்னால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கொழுந்து அல்ல, அந்த டீமின் சட்டை நிறம்.

1941இல் இந்தியா முழுக்க ரெண்டு பேக் ஆட்டம்தான். கோலிக்கு முன்னால் இரண்டு பேர், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப், அதற்கும் முன்னால் ஐந்து ஃபார்வேர்டு. இங்கிலாந்து பதினாறு வருஷத்துக்கு முன்பே இந்த முறையிலிருந்து விலக ஆரம்பித்துவிட்டது. நாம் விடவில்லை. எங்கள் கேடயம் பிறந்தபோது உயிரோடு இருந்தது அந்தப் பழைய ஜோடிதான்.

இனி பழைய கதை. 1863இல் லண்டனில் ஃபுட்பால் அசோசியேஷன் சட்டம் எழுதியபோது பேக் என்ற ஆளுக்கு மதிப்பே கிடையாது. பந்துக்கு முன்னால் நிற்கிற எந்தக் கூட்டாளியும் ஆப்சைடு. ஆகவே முன்னால் பாஸ் கொடுக்கவே முடியாது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து ஓட வேண்டும், மற்றவர்கள் பின்னால் கூட்டமாக ஓட வேண்டும். அப்படி ஆடுகிற ஆட்டத்துக்குப் பின்னால் ஒரே ஒரு பேக் போதும். திருவிழாக் கூட்டத்துக்கு ஒரு காவல்காரன் நிற்பதுபோல அவன் நின்றான். 1866இல் சட்டம் தளர்ந்தது. பந்து வாங்குகிறவனுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே எதிரணி ஆட்கள் மூன்று பேர் இருந்தால் போதும், ஆப்சைடு இல்லை என்றார்கள்.

1872 நவம்பர் 30. கிளாஸ்கோவில் ஒரு கிரிக்கெட் மைதானம். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம். சுமார் நாலாயிரம் பேர் பார்த்தார்கள். இங்கிலாந்து பழையபடி ஏழெட்டு ஃபார்வேர்டுகளோடு வந்தது, கடைசியில் நின்ற பேக் எர்னஸ்ட் கிரீன்ஹால்ஷ் ஒருவர்தான். ஸ்காட்லாந்துக்கு ஆடிய பதினொரு பேரும் குவீன்ஸ் பார்க் கிளப்காரர்கள். இங்கிலாந்து ஆட்களைவிட எடை குறைந்தவர்கள். மோதினால் தோற்போம் என்று தெரிந்து பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடினார்கள். பின்னால் இரண்டு பேரை நிறுத்தினார்கள்: வில்லியம் கெர், ஜோசஃப் டெய்லர். ஆட்டம் 0-0. கோல் இல்லாத ஆட்டம் என்று அதை ஒதுக்கிவிடலாம். என் கணக்கில் ரெண்டாவது பேக் பிறந்தது அந்த மத்தியானம்தான்.

ஒருவன் நிற்பதற்கும் இருவர் நிற்பதற்கும் ஒரு ஆள் கூடுவது மட்டும் வித்தியாசமில்லை. தனியாக நிற்கிறவன் பந்துக்குப் பாயக் கூடாது. பாய்ந்து தவறவிட்டால் பின்னால் கோலி மட்டும்தான். ஆகவே அவன் வேலை காத்திருப்பது. ரெண்டாவது ஆள் வந்ததும் முதல் ஆளுக்குத் தைரியம் வந்தது. ஒருவன் பந்துக்குப் போகலாம், மற்றவன் நாலு கெஜம் பின்னால் சாய்ந்து நின்று தவறுவதை எடுக்கலாம். எங்கள் ஊரில் இதற்கு "ஒருத்தன் போ, ஒருத்தன் நில்லு" என்று பேர். பயிற்சியாளர் கிடையாது, புத்தகம் கிடையாது. பந்துக்குப் போகிறவனின் துணிச்சல் நிற்கிறவன் கொடுத்த கடன் என்பது ஆடியவனுக்குத் தெரியும்.

அடுத்த ஐம்பது வருஷத்தில் இந்த ஜோடி என்ன ஆயிற்று என்பதில்தான் சுவாரசியம்.

மூன்று ஆட்கள் வேண்டும் என்ற அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கோலி ஒன்று, பேக் இரண்டு, மொத்தம் மூன்று. சட்டம் கேட்ட எண்ணிக்கையும் மூன்று. இதில் ஒரே ஒரு பேக் இரண்டு எட்டு முன்னால் வைத்து ஃபார்வேர்டைத் தாண்டி நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஃபார்வேர்டுக்கும் கோட்டுக்கும் நடுவே கோலியும் இன்னொரு பேக்கும் மட்டும். இரண்டு பேர்தான். ஆப்சைடு, ஊது விசில். இதில் பெரிய வசதி, அந்த இன்னொரு பேக் பின்னாலேயே நிற்கிறான். நடுவர் விசில் ஊதாமல் விட்டுவிட்டாலும், முன்னால் போனவன் கணக்குத் தப்பினாலும், ஓடிப் பிடிக்க ஆள் இருக்கிறது. பொறி வைப்பவன் ஒருவன், பொறி உடைந்தால் காவல் ஒருவன். இப்படி ஒரு சலுகை பேக்குகளுக்கு அப்புறம் கிடைக்கவேயில்லை.

நாட்ஸ் கவுண்டி கிளப்பில் ஹெர்பர்ட் மோர்லி, ஜாக் மான்ட்கொமரி என்ற ஜோடி இதை முதலில் தொழிலாகச் செய்தது என்பார்கள். ஆனால் பேர் வாங்கியவர் நியூகாசிலின் பில் மெக்ராக்கன். பெல்ஃபாஸ்ட்காரர், 1904இல் நியூகாசிலுக்கு வந்தவர், ரைட் பேக். 1910இல் லெஃப்ட் பேக்காக ஃபிராங்க் ஹட்ஸ்பெத் வந்து சேர்ந்தார். மெக்ராக்கன் முன்னால் ஏறுவார், கையைத் தூக்குவார், விசில் கேட்கும். எதிரணி ஃபார்வேர்டு திரும்பத் திரும்ப அதே வலையில் விழுவான். பார்க்க வந்தவர்கள் கொதித்தார்கள். போன ஊரிலெல்லாம் மெக்ராக்கனுக்கு வசவு. நியூகாசிலுக்கு ஆட வந்த ஒரு டீம் ரயிலை விட்டு இறங்கும்போது கார்டு விசில் ஊத, "இறங்கறதுக்குள்ளயே ஆப்சைடா!" என்று ஒருவர் அலறினாராம். நடந்ததோ இல்லையோ, இங்கிலாந்தில் இன்றும் சொல்கிற கதை.

கதையில் மெக்ராக்கன் பெயர் இருக்கிறது. ஹட்ஸ்பெத் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கை தூக்கியவர் அவர், சரி. அவர் எப்போது ஏறுவார் என்று தெரிந்து, தான் ஏறாமல், அதே நேரம் ரொம்பப் பின்னாலும் போகாமல் நின்றவர் யார்? ஹட்ஸ்பெத் சும்மா நின்றதாகத்தான் கூட்டத்துக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மைதானத்திலும் அப்படித்தான். மாமாவுக்குக் கைதட்டுவார்கள். அவர் பாய்ந்து போன இடத்தை அடைத்துக்கொண்டு நின்றவரைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை.

கோல் வறண்டது. எல்லா டீமும் நியூகாசில்போல ஆட ஆரம்பித்தது. நடுமைதானத்தின் ஒரு குறுகிய பட்டையில் இருபது பேர் நெரிசலில் நின்றார்கள். கடைசியில் 1925இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: மூன்று பேர் வேண்டாம், இரண்டு போதும். ஒரே ஒரு எண் மாறியது. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 1924-25இல் விழுந்த கோல்கள் 1,192. அடுத்த சீசனில் அதே 462 ஆட்டங்களில் 1,703.

ஃபார்வேர்டுகள் ஒரே கோடையில் கெட்டிக்காரர்கள் ஆகிவிடவில்லை. பேக் ஜோடியின் கணக்கு உடைந்தது, அவ்வளவுதான். இரண்டு பேர் போதும் என்று ஆனபின், ஒரு பேக் ஏறி மற்றவர் பின்னால் நின்றால் கோலியும் அவரும் சேர்ந்து இரண்டு. ஃபார்வேர்டு ஆன்சைடு. ஆகவே பொறி வைக்க வேண்டுமானால் இருவரும் சேர்ந்து ஏற வேண்டும், ஒரே நேரத்தில், ஒரே கோட்டில். பின்னால் காவல் கிடையாது. ஒருவர் அரை எட்டு தாமதித்தால் கோல். அதுவரை கூட்டாளி தவறினால் காப்பாற்றுகிறவனாக இருந்த பேக், இப்போது தன் தாமதத்தால் கூட்டாளியையும் சேர்த்துக் கவிழ்க்கிறவன் ஆனான். மாமா அரை நொடி யோசித்தார் என்று சொன்னேனே, அந்த அரை நொடிக்கு விலை போட்டது 1925ஆம் வருஷச் சட்டம்.

அந்த அக்டோபர் 3ஆம் தேதி ஆர்சனல் நியூகாசிலுக்குப் போய் 7-0 என்று உதை வாங்கியது. ஆர்சனலில் ஆடிய சார்லி புக்கன் மேனேஜர் ஹெர்பர்ட் சாப்மனோடு உட்கார்ந்து வாதாடினார்: நடு ஹாஃபைப் பின்னால் இழுத்து இரண்டு பேக்குகளுக்கு நடுவே நிறுத்துங்கள். நிறுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து வெஸ்ட் ஹாமை 4-0 என்று ஜெயித்தார்கள். நடுவில் வந்து நின்ற அந்த ஆளுக்கு "போலீஸ்காரன்" என்று பட்டப்பேர். ஸ்டாப்பர் என்று நாம் சொல்வதும் அவரைத்தான். பழைய இரண்டு பேக்குகளும் இரண்டு ஓரங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். ஐம்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களுக்கு நடுவே ஒரு போலீஸ்காரன் வந்து நின்றுவிட்டான். நடுவில் ஜோடியாக நிற்பதைத் திரும்பக் கொண்டுவந்தது பிரேசில். 1958 உலகக் கோப்பையில் பெல்லினியும் ஆர்லாண்டோவும் அப்படி நின்றார்கள்.

இங்கே ஐஸ் ஹாக்கியை இழுத்தால் சிரிக்காதீர்கள். ஜனவரியில் செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் விடியற்காலையில் போனால் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வண்டிக் கண்ணாடியில் சுரண்டி எடுக்கலாம். எங்களுக்குப் பனிக்கட்டியோடு அந்த அளவு உறவு உண்டு. கனடாவில் பனிக்கட்டியின் மேல் ஆடும் ஹாக்கியிலும் பின்னால் இரண்டு பேர்தான். ஆரம்பத்தில் அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கவில்லை, ஒருவருக்குப் பின் ஒருவராக நின்றார்கள். கோலிக்கு முன்னால் நிற்கிறவர் பாயிண்ட், அவருக்கும் முன்னால் கவர் பாயிண்ட். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் பழகின பேர். லக்ராஸ் ஆட்டத்திலும் அதே பேர்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய பிறகுதான் அவர்கள் இடம், வலம் என்று அருகருகே வந்தார்கள். வந்ததும் அங்கேயும் நம்முடைய "ஒருத்தன் போ, ஒருத்தன் நில்லு" வந்துவிட்டது. ஒருவர் பந்துக்குப் பதிலான அந்த ரப்பர் தட்டைத் தேடி முன்னால் போனால் மற்றவர் பின்னால் இறங்கியே ஆக வேண்டும்.

அங்கே ஜோடியைப் பெரும்பாலும் பிரிப்பதில்லை. இருவரும் சேர்ந்து உள்ளே வருவார்கள், முக்கால் நிமிஷம்போல ஆடிவிட்டுச் சேர்ந்து வெளியே போய் உட்காருவார்கள். அதனால் கணக்குப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி கிடைத்தது. ஒரு பின்வரிசை ஆட்டக்காரரின் கணக்கை அந்தக் கூட்டாளியோடு ஆடியபோது ஒரு பக்கம், இல்லாமல் ஆடியபோது ஒரு பக்கம் என்று இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்தார்கள். கெட்டிக்காரர் பக்கத்தில் நின்றபோது சுமாரானவரின் கணக்கு ஏறுகிறது, பிரிந்ததும் இறங்குகிறது. கெட்டிக்காரருக்கு இன்னொரு வம்பு: கூட்டாளி மோசமாக இருந்தால் அவர் தீயணைப்பதிலேயே நாளைக் கழிப்பார், அவருடைய சொந்த ஆட்டம் யார் கண்ணிலும் படாது. எங்கள் கடைவீதியில் இந்த இரண்டு பத்திக் கணக்கு எழுதியிருந்தால் மாமாவின் காலைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டு ஜோடிகளைச் சொல்லாமல் போக முடியாது. 1911 ஜூலை 29இல் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வீழ்த்திய மோகன் பகான் டீமின் இரண்டு பேக்குகள் பூதி சுகுல், பாதிரியார் சுதிர் சட்டர்ஜி. பதினொரு பேரில் பூட்ஸ் போட்டு ஆடியவர் சட்டர்ஜி மட்டும். வெறுங்கால் ஒருவர், பூட்ஸ்கால் ஒருவர். ஈரத்தில் இருவரும் ஒரே வேகத்தில் எப்படித் திரும்பினார்களோ என்று நான் யோசிப்பதுண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற டீமில் சைலேன் மன்னாவும் தாஜ் முகமதுவும் பேக். நம்முடைய ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நமக்குப் பத்துக் கோல் போட்டது. ரெண்டு பேக் ஆட்டத்தின் காலம் முடிந்துவிட்டது என்பது அந்தக் குளிரில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

பத்து வருஷம் கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. பயிற்சியாளர் ரஹீம். பின்வரிசையின் தூண் ஜர்னைல் சிங், பக்கத்தில் அருண் கோஷ். தாய்லாந்து ஆட்டத்தில் ஜர்னைலுக்குத் தலையில் அடி, தையல். அந்தத் தலையோடு அவரைப் பின்னால் நிறுத்துவது ஆபத்து என்று ரஹீம் அவரை ஃபார்வேர்டுக்கு அனுப்பினார். அரையிறுதியில் கோல் போட்டார், செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராகக் கட்டுப் போட்ட அதே தலையால் முட்டிக் கோல் போட்டார். 2-1, தங்கம். எல்லோரும் ஜர்னைலைத்தான் பார்க்கிறார்கள். தூணை எடுத்துவிட்ட பின்வரிசை எப்படிச் சரியாமல் நின்றது என்பதுதான் எனக்கு வியப்பு. அருண் கோஷ், திரிலோக் சிங், இரிஞ்ஞாலக்குடையிலிருந்து போன சந்திரசேகரன், கோல்போஸ்டில் நம் பீட்டர் தங்கராஜ். கூட்டாளி போனால் ஆட்டம் குலையும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதைச் சொல்வது முரண்தான். ஆனால் அவர்கள் மாதக்கணக்கில் ஒரே முகாமில் கிடந்தவர்கள். ஒருவர் இடத்தை மற்றவர் மனப்பாடமாக அறிந்தவர்கள்.

மனப்பாடம் இருந்தும் மனசு ஒட்டாமல் போன கதை ஹாக்கியில் உண்டு. 1964 டோக்கியோவில் பாகிஸ்தானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கிய டீமின் ஃபுல்பேக் ஜோடி பிரிதிபால் சிங், குர்பக்ஷ் சிங். நாலு வருஷம் கழித்து மெக்சிகோவுக்குப் போகும்போது கேப்டன் யார் என்ற பூசலில் இருவரையும் கூட்டுக் கேப்டன்களாக அறிவித்தார்கள். 1928இலிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் தங்கமோ வெள்ளியோ வாங்கிய இந்தியா அந்த முறை வெண்கலத்தோடு திரும்பியது. காரணம் அந்த இருவர் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். பின்வரிசையில் நிற்கும் இருவருக்கு ஆளுக்கொரு பட்டம் கொடுத்தது தப்பு என்று சொல்வேன்.

மலையிலிருந்து பாலக்காட்டுப் பக்கம் இறங்கினால் கதை வேறு. அங்கே செவன்ஸ். நெல் அறுத்த வயல், மூங்கிலும் கமுகும் கட்டிய கேலரி, ராத்திரி விளக்கு, ஏழு பேர் ஆட்டம். ஆப்சைடு கிடையாது. மெக்ராக்கன் வந்தாலும் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். பெரும்பாலும் கோலிக்கு முன்னால் இரண்டு ஸ்டாப்பர். பொறி இல்லாததால் அவர்களுக்கு 1872ஆம் வருஷத்து வேலைதான்: ஒருத்தன் போ, ஒருத்தன் நில்லு. இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், ஆட்டக்காரர்களை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டி வருகிறார்கள். நேற்று ஒரு டீம், இன்று ஒரு டீம். பக்கத்தில் நிற்கப்போகிறவனை முதன்முதலாகப் பார்ப்பதே வண்டியிலிருந்து இறங்கும்போதுதான்.

சித்தூர் தாலுகாவில் ஒரு ராத்திரி பார்த்தேன். ஒரு ஸ்டாப்பர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பையன். இன்னொருவர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர், ஆறடிக்கு மேல். ஆட்டம் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருவரும் கார்னர் கொடி பக்கம் போய் நின்றார்கள். பையன் தரையைக் காலால் கிழித்துக் காட்டினான். பெரியவர் தலையாட்டினார். பிறகு பையன் தன் இடது காலைத் தட்டி, வேண்டாம் என்று கையை ஆட்டினான். இடது கால் எனக்கு வராது என்று அர்த்தம். பெரியவர் தன் இடது காலைத் தட்டிச் சிரித்தார். உடனே இடம் மாற்றிக்கொண்டார்கள். பேச்சு மொத்தம் மூன்று வார்த்தை: லீவ், கோ, ஸ்டே. முதல் பதினைந்து நிமிஷம் தடுமாறினார்கள், ஒரு பந்துக்கு இருவரும் போய் மோதிக்கொண்டார்கள், கோல் விழுந்தது. பெரியவர் திட்டவில்லை. பையன் முதுகில் ஒரு தட்டு தட்டி, தன் நெஞ்சில் கை வைத்துக் காட்டினார், தப்பு என்னுடையது என்று. அதற்குப் பிறகு அந்தப் பையன் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே. அதுவரை பந்துக்குப் போகப் பயந்தவன், கேலரி ஓரம்வரை துரத்திப் போய்ப் பந்தைப் பறித்துக்கொண்டு வந்தான். பின்னால் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

பல நாள் சேர்ந்து ஆடி வர வேண்டியது பத்து நிமிஷத்திலும் ஒரு தட்டிலும் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். ஒரே வேலை, ஒரே முகாம் என்று கிடந்து வளர்ந்த பின்வரிசைக்குச் சமம் கிடையாது. வி. பி. சத்யனும் ஷரஃபலியும் ஆடிய கேரள போலீஸ் டீம் 1990, 1991 என்று அடுத்தடுத்து ஃபெடரேஷன் கோப்பை வாங்கியது அப்படித்தான் என்பது என் அபிப்பிராயம். சத்யன் கேப்டனாக 1992இல் கேரளம் சந்தோஷ் டிராபி வாங்கியது வாளையாறுக்கு இந்தப் பக்கம், கோயம்புத்தூரில். கோவாவுக்கு ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை, 3-0.

மாமா அந்த மோசமான வருஷத்தோடு நிறுத்திவிடவில்லை. அடுத்த சீசனில் கொழுந்து எடை போடுகிற ஒரு சின்னப் பையனை ரைட் பேக்காகப் போட்டார்கள். பையனுக்குக் கால் நல்ல கால், வாய் மட்டும் திறக்காது. மாமா சாயங்காலம் மைதானத்துக்குக் கூட்டிப் போய் பந்து இல்லாமல் அவனை நிற்கவைப்பார். தான் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார், அவன் "ஏறு", "விடு" என்று கத்த வேண்டும். நாங்கள் மதில்மேல் உட்கார்ந்து சிரிப்போம். இரண்டு மாதத்தில் பையன் தொண்டை திறந்தது. கடைவீதியில், "மறுபடி ஆளுக்குக் கால் வந்துருச்சுடா" என்றார்கள்.

ஃபின்லே ஷீல்டு இன்றும் நடக்கிறது. கம்பெனி டாடா கைக்குப் போய், 2005இல் கே.டி.எச்.பி. என்று ஆகி, பெயர்கள் மாறியும் கேடயத்தின் பெயர் மாறவில்லை. எஸ்டேட்டுகள் அதே பழைய மூணாறு மைதானத்தில்தான் மோதுகின்றன. சுற்றுலா வந்தவர்கள் பாலத்தடியில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கோல் விழவில்லை என்று கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் கோல்போஸ்டுக்குப் பின்னால் வந்து நில்லுங்கள். பந்தை ஒரு பத்து நிமிஷம் விட்டுவிட்டு ரெண்டு பேக்கையும் பாருங்கள். மஞ்சு இறங்கிவிட்டால் இன்னும் நல்லது, குரல் கேட்கும்.